காலாபானியும் 377-ஆம் பிரிவும்

1862 ஜனவரி 1-ஆம் தேதி இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 377-ஆம் பிரிவு, இயற்கை நியதிக்கு மாறான உடலுறவு என்று தான் வகைப்படுத்திய செயலுக்கு இரண்டு தண்டனைகளை வைத்தது. ஒன்று, பத்தாண்டு வரை சிறையும் அபராதமும். மற்றது, ஆயுள் முழுவதும் நாடு கடத்தல். அந்தக் காலத்தில் இந்தியக் கைதியை நாடு கடத்துவதென்றால், கப்பலேற்றி அந்தமானில் உள்ள போர்ட் பிளேருக்கு அனுப்புவது என்றே நடைமுறையில் பொருள். வட இந்தியர் அதைக் காலாபானி என்றனர். தமிழ்நாட்டில் தீவாந்திர தண்டனை என்ற பேச்சு வழங்கியது.

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் இருந்தது. ஆணும் ஆணும் கூடுவதைக் கொடுங்குற்றம் என்று சொன்ன அரசு, அதற்குரிய உச்சத் தண்டனையாக, ஆயிரக்கணக்கான ஆண்களைப் பெண் துணையின்றி ஒரே கூரையின்கீழ் படுக்க வைக்கும் தீவைத் தேர்ந்தெடுத்தது. பிறகு அந்தத் தீவில் என்ன நடக்கிறது என்று எண்பது ஆண்டுகள் அஞ்சிக்கொண்டிருந்தது. கைதிகளின் திருமணம், இரவுத் தங்கல், கடைசியில் குடியேற்றத்தின் மூடல் ஆகிய மூன்றிலும் அந்த அச்சத்துக்குப் பங்கு உண்டு.

சட்டம் உருவான விதம்

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533-இல், இத்தகைய உறவுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர்கள் 1835-இல் லண்டனில் உயிரிழந்த இருவர். மரண தண்டனை ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 1861-இல்தான்.

இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவை மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837-இல் முடித்தது. அந்த வரைவில் இதற்கு 361, 362 என்று இரண்டு கூறுகள் இருந்தன. இருவரும் இசைந்து நடப்பதற்கு முதல் கூறு இரண்டு முதல் பதினான்கு ஆண்டு வரை சிறை வைத்தது. ஒருவரின் இசைவு இல்லாமல் நடப்பதற்கு இரண்டாம் கூறு ஏழாண்டு முதல் ஆயுள் வரை வைத்தது. இந்தக் கூறுகளைப் பற்றி விவாதிப்பதே பொது ஒழுக்கத்துக்குக் கேடு என்று சொல்லி ஆணையம் விளக்கம் எதுவும் தரவில்லை. இரண்டுமே தண்டனைக்குரியவை என்றாலும், இசைவுக்கும் வன்முறைக்கும் வேறுபாடு உண்டு என்பதை வரைவு ஏற்றுக்கொண்டிருந்தது.

1860-இல் சட்டம் நிறைவேறியபோது அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. இறுதி வடிவத்தில் 377 ஒரே பிரிவாக நின்றது. பலவந்தப்படுத்தியவரும், இசைந்து கூடிய இருவரும் அதன் முன் சமம். இதன் விளைவு நாட்டின் பிற இடங்களைவிட அந்தமானில் அதிகம் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவின் நிழல்

அந்தமானுக்கு முன்பே ஆங்கிலேயருக்கு இதில் அனுபவம் இருந்தது. தங்கள் நாட்டுக் கைதிகளை அவர்கள் 1788 முதல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவந்தார்கள். மீண்டும் குற்றம் செய்தவர்களை அங்கிருந்து நார்ஃபோக் தீவுக்கு ஒதுக்கினார்கள். 1837-38-இல் வில்லியம் மோல்ஸ்வொர்த் தலைமையில் நாடாளுமன்றக் குழு ஒன்று நாடு கடத்தல் முறையை விசாரித்தது. ஆண்கள் மட்டும் அடைபட்ட அந்த இடங்களில் ஒருபால் உறவு பரவியிருக்கிறது என்று பாதிரியார்களும் அதிகாரிகளும் குழுமுன் சாட்சி சொன்னார்கள். நாடு கடத்தலை நிறுத்தக் கோரியவர்கள் அதையே தங்கள் வலுவான வாதங்களில் ஒன்றாக்கினார்கள். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840-இல் நின்றது. இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு அனுப்புவது 1853-இல் நின்றது.

ஒழுக்கக் கேடு என்ற குற்றச்சாட்டோடு அங்கே மூடப்பட்ட முறையை, ஐந்தே ஆண்டுகளில் வங்காள விரிகுடாவில் ஆங்கிலேயர் புதிதாகத் தொடங்கினார்கள். காரணம் 1857 கிளர்ச்சி. சிறைகள் நிரம்பி வழிந்தன. கிளர்ச்சியாளரை நாட்டுக்குள் வைத்திருக்க அரசு விரும்பவில்லை. ஆக்ரா சிறையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர், 200 கைதிகளுடன் 1858 மார்ச் 10-ஆம் தேதி போர்ட் பிளேரை அடைந்தார்.

ஆண்கள் மட்டும்

முதல் ஆண்டு சாவின் ஆண்டு. காய்ச்சலும் பட்டினியும் பலரைக் கொண்டுபோயின. காட்டுக்குள் தப்பி ஓடியவர்கள் தீவின் ஆதிகுடிகளின் அம்புக்கு இரையானார்கள். ஓடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். இவ்வளவுக்கும் நடுவில், கைதிகளின் மனைவி மக்களை வரவழைக்க வேண்டும் என்றும் அவர் அரசுக்கு எழுதினார். குடும்பம் இருந்தால் கைதி ஓடமாட்டான், நிலத்தோடு ஒட்டுவான், ஒழுக்கமும் நிற்கும் என்பது அவருடைய கணக்கு. அரசு இசைந்தது. ஆனால் வர முன்வந்த குடும்பங்கள் மிகச் சில.

கைதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1874-இல் 7,820 பேர். 1901-இல் 12,000-ஐ நெருங்கியது. அப்போது பெண் கைதிகள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

புதிதாக வந்திறங்கும் கைதியின் கழுத்தில் ஓர் இரும்பு வளையம் மாட்டப்படும். அதில் ஒரு மரச்சீட்டு தொங்கும். அவருடைய எண், தண்டிக்கப்பட்ட சட்டப் பிரிவு, தண்டனைத் தேதி, விடுதலைத் தேதி ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தக் குற்றத்துக்காக வந்தார் என்பதை எதிரே வருகிற எவரும் சட்டப் பிரிவின் எண்ணைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். பகலில் காடு வெட்டுதல், மரம் அறுத்தல், சதுப்பு நிலம் தூர்த்தல். இரவில் பாரக்ஸ் எனப்பட்ட நீண்ட பொதுக் கொட்டகையில் வரிசையாகப் படுக்கை.

அந்தப் பாரக்ஸை நிர்வகித்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளல்லர். கைதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட பெட்டி ஆபீசர்கள், டிண்டால்கள், ஜமேதார்கள்தாம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள், சோற்றை அளந்தார்கள், புகார் எழுதினார்கள், இரவுக் காவலும் பார்த்தார்கள். கடினமான வேலையிலிருந்து ஒருவனைக் காப்பாற்றவோ அதில் தள்ளவோ அவர்களால் முடிந்தது. இளம் கைதிகள் இவர்களுடைய தயவில் இருந்தார்கள். இந்த அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாலியல் இசைவைப் பிடுங்க இடமிருந்தது. துன்பத்தில் ஒருவருக்கொருவர் துணையான உறவுகளுக்கும் அங்கே இடமிருந்தது. ஆவணங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்: இயற்கைக்கு மாறான குற்றம்.

அந்த ஆவணங்கள் அதிகாரிகள் எழுதியவை. யார் யாரை விரும்பினார்கள், யார் யாருக்கு அஞ்சினார்கள் என்பது அவற்றில் பதிவாகவில்லை. செயலை நிறுவுவதற்கு மருத்துவரின் சான்று தேவைப்பட்டது. நார்மன் செவர்ஸ் எழுதிய மருத்துவச் சட்ட நூல் போன்றவை, உடலைப் பார்த்தே ஒருவர் இதற்குப் பழகியவரா என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை வளர்த்தன. அந்த நம்பிக்கை நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1884-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு காட்டுகிறது. பெண் உடை அணிந்து பாடியதற்காகப் பிடிக்கப்பட்ட ஒருவரை மருத்துவர் சோதித்தார். கீழ் நீதிமன்றம் 377-இன்கீழ் தண்டித்தது. எப்போது, எங்கே, யாருடன் என்ற விவரம் எதுவும் இல்லை என்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. விடுவித்த தீர்ப்பும் உள்ளூர் அதிகாரிகளின் அக்கறையைப் பாராட்டத் தவறவில்லை. தண்டிக்கப்படாவிட்டாலும் சந்தேகத்துக்குரிய மனிதர் என்று ஒரு வகையையே சட்டம் உருவாக்கியிருந்தது.

மருந்தாக வந்த மனைவி

ஆண்களின் ஒழுக்கத்துக்கு அரசு கண்டுபிடித்த மருந்து பெண். இந்தியச் சிறைகளிலிருந்து ஆயுள் தண்டனை பெற்ற பெண்கள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். கணவனையோ குழந்தையையோ கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். அவர்கள் முதலில் பெண்கள் சிறையில் வைக்கப்பட்டார்கள். ஐந்தாண்டு நன்னடத்தையோடு கழித்த பெண்ணுக்குத் திருமணம் செய்துகொள்ள அனுமதி உண்டு. ஆண் கைதி சுமார் பத்தாண்டு உழைத்தபின் டிக்கெட் பெறுவார். அதாவது தன் கையால் உழுதோ தொழில் செய்தோ பிழைத்துக்கொள்ளலாம், வீடு கட்டிக்கொள்ளலாம், மனைவி தேடிக்கொள்ளலாம். தேடும் இடம் பெண்கள் சிறைதான். இருவரும் ஒப்பினால் கண்காணிப்பாளர் அனுமதி வழங்குவார்.

இந்த முறையில் ஆணுக்குத் திருமணம் நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசு. பெண்ணுக்கு அது சிறைச் சுவரை விட்டு வெளியேறும் வழி. அரசுக்கோ அது ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் கருவி. சாதி கடந்த கலப்பு நிலப்பகுதியில் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு அங்கே நடந்தது. ஆட்சி அதைப் பெரும்பாலும் தடுக்கவில்லை. தன்பாலுறவைத் தடுக்க வேண்டும் என்ற கவலை, சாதி ஒழுங்கைக் காக்க வேண்டும் என்ற வழக்கமான கவலையைப் பின்னுக்குத் தள்ளியது. இந்தத் திருமணங்களின் வழியில் வந்தவர்களே இன்று தீவில் லோக்கல் பார்ன் என்று அறியப்படும் சமூகத்தினர். அந்தமான் நிர்வாகம் அவர்களைப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராக ஏற்றிருக்கிறது.

ஆனால் கணக்கு உதைத்தது. பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில் கூட இல்லாத இடத்தில் மனைவி எல்லாருக்கும் கிடைக்க முடியாது. திருமணமான பெண்களைச் சுற்றிச் சண்டைகளும் கொலைகளும் நடந்தன. பாலியல் தொழிலும் வளர்ந்தது. பெண்களைக் கொண்டுவந்தது எந்த நோக்கத்துக்காகவோ அது நிறைவேறவில்லை. பழி மட்டும் அதிகாரிகளின் அறிக்கைகளில் பெண்களின் மேல் விழுந்தது.

தனிக் கொட்டடி

1890-இல் சார்லஸ் லையல், மருத்துவர் லெத்பிரிட்ஜ் என்ற இருவரை அரசு போர்ட் பிளேருக்கு அனுப்பியது. நிலப்பகுதிச் சிறையைவிட அந்தமானே மேல் என்று கைதிகள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள், தண்டனையின் அச்சம் போய்விட்டது என்று இருவரும் அறிக்கை கொடுத்தார்கள். வந்திறங்கும் ஒவ்வொருவரையும் முதல் சில மாதங்கள் தனிக் கொட்டடியில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. அதன்படி 1896-இல் கட்டத் தொடங்கிய செல்லுலார் சிறை 1906-இல் முடிந்தது. நடுக் கோபுரத்திலிருந்து பிரியும் ஏழு சிறகுகள், மூன்று மாடிகள், ஏறத்தாழ 700 கொட்டடிகள். ஒவ்வொன்றும் சுமார் பதின்மூன்றரை அடி நீளமும் ஏழரை அடி அகலமும் கொண்டது. ஒரு சிறகின் முன்புறம் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும். ஒரு கைதி இன்னொருவரைக் காண முடியாது.

இந்தச் சிறையின் முதன்மை நோக்கம் அச்சுறுத்தல்தான். எனினும் இரவில் கைதிகளைத் தனித்தனியே அடைப்பது என்ற கொள்கை, பாரக்ஸைப் பற்றிய பழைய கவலைக்கும் பொருந்தியது. ஆறு மாதம் கொட்டடி, பிறகு ஒன்றரை ஆண்டு பகலில் கூட்டு வேலையும் இரவில் கடும் காவலும், அதன்பின் பாரக்ஸ் என்று படிநிலை வகுக்கப்பட்டது. 1894 முதல் 1904 வரை தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் கார்னக் டெம்பிள் இந்தப் படிநிலையைக் கைதியைப் படிப்படியாகத் திருத்தும் ஏணி என்று விவரித்தார். ஏணியின் உச்சியில் இருந்தது நிலமும் மனைவியும். திருந்திய கைதி என்றால் குடும்பத் தலைவன் என்பதே அதன் இலக்கணம்.

குடியேற்றம் மூடல்

1919-20-இல் இந்தியச் சிறைகள் குழு நாட்டின் சிறைகளை ஆராய்ந்தது. அதன் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாண ஆட்சியில் பணியாற்றியவர். குழு அந்தமானுக்கும் சென்றது. மலேரியா, குடும்ப வாழ்க்கை இன்மை, ஆண் பெண் விகிதச் சீர்கேடு, ஆண்களிடையே உறவு, பெண்களின் இழிநிலை ஆகியவற்றை எடுத்துக்காட்டி, இந்த முறை திருத்துவதற்குப் பதில் கெடுக்கிறது என்று முடிவு சொன்னது. பெண்களை இனி அனுப்பவே கூடாது என்றது. ஆஸ்திரேலியாவில் எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த வாதம் அப்படியே திரும்பி வந்தது. 1921-இல் குடியேற்றத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது.

அறிவித்த கையோடு மலபாரில் மாப்பிளா கிளர்ச்சி வெடித்தது. அப்போது மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. இடமில்லாத சிறைகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாப்பிளாக்கள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். இம்முறை அரசு மனைவியரையும் பிள்ளைகளையும் சேர்த்தே வரவழைக்க முயன்றது. தென் அந்தமானில் இன்றும் உள்ள காலிகட், மஞ்சேரி, வண்டூர், திரூர் ஆகிய ஊர்ப்பெயர்கள் அந்தக் குடும்பங்களின் சுவடு. 1926 முதல் விருப்பப்பட்டு வரும் கைதிகளையே ஏற்பது, குடும்பத்தோடு குடியேற ஊக்குவிப்பது என்ற கொள்கை வந்தது. 1858-இல் வாக்கர் கேட்டது ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது.

1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்தார்கள். 1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது தண்டனைக் குடியேற்றம் முறைப்படி முடிவுக்கு வந்தது. ஆனால் நாடு கடத்தல் என்ற சொல் சட்டப் புத்தகத்தில் 1955 வரை இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தம் அதை ஆயுள் சிறை என்று மாற்றியது. 377-இல் மாறியது அந்த ஒரு சொல் மட்டுமே. குற்றத்தின் வரையறை அப்படியே நின்றது.

சிறையிலிருந்து எழுந்த வழக்கு

சுதந்திர இந்தியாவில் இந்தப் பிரிவுக்கு எதிரான முதல் வழக்கும் ஒரு சிறையிலிருந்துதான் புறப்பட்டது. 1994-இல் டெல்லி திகார் சிறையில் எய்ட்ஸ் தடுப்புக்காக ஆணுறை வழங்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதை நிர்வாகம் மறுத்தது; வழங்கினால் ஒருபால் உறவை ஒப்புக்கொண்டதாகிவிடும், அது சட்டப்படி குற்றம் என்பது தயக்கத்தின் அடிப்படை. எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற அமைப்பு 377-ஐ நீக்கக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. அந்த வழக்கு முடிவு காணாமலே 2001-இல் தள்ளுபடியானது.

அதே ஆண்டு நாஸ் அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. 2009 ஜூலை 2-ஆம் தேதி, முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷா தலைமையிலான டெல்லி அமர்வு, வயது வந்தோர் இசைந்து தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்றது. 2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2018 செப்டம்பர் 6-இல் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அந்தத் தடையை நீக்கியது. வரலாறு இம்மக்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். இத்தீர்ப்பு, கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையரான இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குத் தடை சொல்லிக் காவல்துறைக்கும் பள்ளிகளுக்கும் வழிகாட்டுதல்கள் கொடுத்தார்.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பிற நாடுகளில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. அந்தமானுக்கு முன்பு சென்னைக் கைதிகள் அனுப்பப்பட்ட சிங்கப்பூர், தன் 377-ஏ பிரிவை நீக்க 2022 நவம்பரில் வாக்களித்தது. இலங்கையின் 1883 தண்டனைச் சட்டத்தில் 365, 365-ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. மலேசியாவிலும் 377 நீடிக்கிறது.

2018 தீர்ப்பு 377-ஐ முழுவதும் அழிக்கவில்லை. இசைவற்ற உறவுக்கும் சிறார் மீதான வன்முறைக்கும் அதைத் தக்கவைத்தது. 1837 வரைவில் இருந்து 1860-இல் கைவிடப்பட்ட வேறுபாடு இப்படித் திரும்பி வந்தது. 2024 ஜூலை 1-இல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவே இல்லை. அந்தச் சட்டத்தில் பாலியல் வன்புணர்வு என்பது பெண்ணுக்கு எதிராக ஆண் இழைக்கும் குற்றம் மட்டுமே. ஆகவே வயது வந்த ஓர் ஆண் பலவந்தப்படுத்தப்பட்டால், அதற்கென்று தனிப் பிரிவு இன்று கிடையாது.

போர்ட் பிளேர் பாரக்ஸில் பெட்டி ஆபீசரின் பிடியில் சிக்கிய இளம் கைதிக்குச் சட்டம் பாதுகாப்புத் தரவில்லை.  அவரைப் பலவந்தப்படுத்தியவரை வைத்த குற்றவாளிப் பட்டியலிலேயே விரும்பி இணைந்தவர்களையும் வைத்தது. ஒருபால் உறவின் மீதான வெறுப்பு அந்தமானில் தடுத்தது எதுவுமில்லை. பலவந்தத்தைப் பார்க்கவிடாமல் ஆட்சியின் கண்ணை மறைத்தது என்பதே அதன் கணக்கு. இசைவை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, ஆண், பெண், திருநர் யார் பாதிக்கப்பட்டாலும் காக்கும் ஒரு பிரிவை நாடாளுமன்றம் இயற்றும்வரை அந்தக் கணக்கு முழுதாகத் தீராது.